ஊர் கூடி இழுத்த தேர்: மூலக்கூறு உயிரியல் ஒரு சமூகமானது எப்படி?

கல்லூரியில் மரபியல் பாடம் நடத்தும்போது பெரும்பாலான மாணவர்கள் கண்டுபிடிப்பையும் ஆண்டையும் குறித்துக்கொள்வார்கள். எப்போதாவது ஒருவர் மட்டும் கேட்பார்: "சார், இந்த ஆட்கள் ஒருவரையொருவர் எப்படித் தேடிப் பிடித்தார்கள்?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அதிலிருந்து கிளைத்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டது ஒரே ஒரு துறையை: மூலக்கூறு உயிரியல். மரபுப்பொருளான டி.என்.ஏ., புரதம் போன்ற மூலக்கூறுகளைக் கொண்டு உயிரை விளக்கும் துறை அது. பத்துத் துறைகளை மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றை வேர்வரை பார்ப்பது நல்லது.

பெரிய கண்டுபிடிப்பு ஒன்று நடந்துவிட்டால் துறை தானாக உருவாகிவிடாதா?

உருவாகாது. மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பற்றிய கட்டுரையை 1866-இல் அச்சில் கொண்டுவந்தார். பாரம்பரியத்தின் அடிப்படைக் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. ஆனாலும் 1900-இல் மூன்று பேர் தனித்தனியாக அதே இடத்துக்கு வந்து சேரும்வரை அது கவனிப்பாரின்றிக் கிடந்தது. மெண்டலிடம் விடை இருந்தது. அதை வாங்கிச் சோதித்து, மறுத்து, வளர்த்தெடுக்க ஆட்கள்தான் இல்லை.

மூலக்கூறு உயிரியலில் நடந்தது இதற்கு நேர் எதிர். துறை வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளையில் இயற்கை அறிவியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த வாரன் வீவர் 1938-ஆம் ஆண்டு அறிக்கையில் 'மூலக்கூறு உயிரியல்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அவர் கணிதம் படித்தவர். உயிரியலுக்குள் இயற்பியலின் கருவிகளையும் கண்டிப்பையும் கொண்டுவர வேண்டும் என்று நம்பி அதற்காகப் பணம் கொடுத்தார். பெயரும் பணமும் இருந்தும் ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள்.

அவர்களை முதலில் ஒன்றுசேர்த்தது யார்?

மாக்ஸ் டெல்புரூக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர். 1937-இல் ராக்கஃபெல்லர் உதவித்தொகையில் கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே எமரி எல்லிஸ் என்பவர் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை வளர்த்துக்கொண்டிருந்தார். ஃபேஜ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த வைரஸ் ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைந்தால், அரை மணி நேரத்தில் பாக்டீரியாவை வெடிக்கவைத்து நூற்றுக்கணக்கில் வெளியே வரும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தட்டில் பாக்டீரியா படலத்தில் விழுந்த ஓட்டைகளை மறுநாள் காலை எண்ணினால் போதும். பெருக்கத்தை எண்ணிக்கையாகப் பார்க்க விரும்பிய இயற்பியலாளருக்கு இதைவிட நல்ல உயிர் கிடைத்திருக்காது. இருவரும் 1939-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள்.

1940 இறுதியில் இத்தாலியிலிருந்து அகதியாக வந்திருந்த சால்வடோர் லூரியாவை டெல்புரூக் சந்தித்தார். எதிரி நாட்டில் பிறந்தவர்கள் என்பதால் இருவரையும் போர் ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. மற்ற இயற்பியலாளர்கள் அணுகுண்டுக்கும் ரேடாருக்கும் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் இவர்கள் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு செயின்ட் லூயிஸிலிருந்து ஆல்ஃபிரட் ஹெர்ஷி வந்து சேர்ந்தார். மூன்று ஊர்கள், மூன்று ஆட்கள், நிறையக் கடிதங்கள். தொடக்கம் அவ்வளவுதான். 1969-இல் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

'ஃபேஜ் உடன்படிக்கை' என்று சொல்கிறார்களே, அது என்ன?

இந்தக் கதை முழுவதற்கும் அச்சாணி அதுதான் என்பது என் கருத்து. பெயர் பெரிதாக ஒலித்தாலும் சட்டமோ கையெழுத்தோ அதில் கிடையாது. 1944-இல் டெல்புரூக் வற்புறுத்தி ஏற்கவைத்த ஓர் ஒழுங்கு அது.

அதுவரை ஃபேஜ் ஆய்வு செய்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ச் சாக்கடையிலிருந்தே ஒரு வைரஸைப் பிடித்து, கையில் கிடைத்த பாக்டீரியாவில் வளர்த்தார்கள். ஒருவருடைய முடிவை இன்னொருவர் சோதிக்க வழியே இல்லை. உங்கள் வைரஸ் 20 நிமிடத்தில் பெருகியது, என்னுடையது 40 நிமிடம் எடுத்தது என்றால், தவறு யாருடையது? எவராலும் சொல்ல முடியாது. டெல்புரூக் கேட்டது இதுதான்: எல்லோரும் டி1 முதல் டி7 வரையிலான ஏழு ஃபேஜ்களில் மட்டும் வேலை செய்யுங்கள். பாக்டீரியா ஈ.கோலையின் 'பி' வகையாக இருக்கட்டும். வெப்பநிலை 37 டிகிரி. பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக் கரைசலும் ஒன்றே.

கேட்பதற்குச் சிறிய விஷயம். ஆனால் ஓர் ஆய்வாளருக்குத் தான் கண்டெடுத்த உயிரைக் கைவிடுவது எளிதல்ல. அதைக் கைவிட்டவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தது, முன்பின் பார்த்திராத ஒருவருடைய எண்ணைத் தன் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான். வடம் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதற்குள்ளேயே பல தலைமுறை உறங்கும். அந்த ஏழு ஃபேஜ்களும் அப்படி உறங்குபவை அல்ல. அதனால் அப்படியொரு நிலை உண்டு என்பதையே டெல்புரூக் நீண்ட காலம் நம்ப மறுத்தார். உடன்படிக்கைக்கு வெளியே பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஆந்த்ரே லுவோஃப் 1950-இல் அதை ஐயமற நிறுவிக் காட்டினார். கூட்டம் ஒரே திசையில் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பது தெரியாமல் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான சான்று இது.

கோடைப் பயிற்சி வகுப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்?

புதிய துறைக்குப் பட்டப்படிப்பு இருக்காது. அதைக் கற்றுத்தரும் துறைத்தலைவரும் இருக்க மாட்டார். அப்படியானால் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? பக்கத்துத் துறையில் சலித்துப்போனவர்களிலிருந்துதான். அவர்களுக்கு மூன்று வாரத்தில் கைப்பழக்கத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கடற்கரையோரமாக இருக்கும் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் டெல்புரூக் 1945 கோடையில் ஃபேஜ் வகுப்பைத் தொடங்கினார். 1970 வரை ஆண்டுதோறும் அது நடந்தது. அணுக்கருத் தொடர்வினையை முதலில் கற்பனை செய்த லியோ சிலார்ட், போர் முடிந்தபின் 1947-இல் அங்கே மாணவராக உட்கார்ந்து சோதனைக்குழாய் பிடித்தார். ஐம்பதை நெருங்கும் வயது அவருக்கு. லூரியாவின் மாணவராக இருந்த இருபது வயது ஜேம்ஸ் வாட்சன் அடுத்த ஆண்டுக் கோடையை அங்கே கழித்தார்.

இந்த மரபு ஃபேஜ் வகுப்போடு முடிந்துவிடவில்லை. சிதம்பரத்தில் பிறந்து, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு உயிரியலுக்கு மாறிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1988-இல் அதே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், படிகத்தில் எக்ஸ்கதிரைச் செலுத்தி மூலக்கூறின் வடிவத்தைக் காணும் படிகவியல் வகுப்பில் சேர்ந்துதான் அந்தக் கலையைக் கற்றார். செல்லுக்குள் புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009-இல் அவருக்கும் தாமஸ் ஸ்டைட்ஸுக்கும் ஆடா யோனத்துக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

அச்சேறாத செய்திமடல்களுக்கு அறிவியலில் என்ன வேலை?

ஆய்விதழில் வருவது முடிந்துபோன வேலை. செய்திமடலில் வருவது நடந்துகொண்டிருக்கும் வேலை. பழ ஈயை ஆராய்ந்தவர்கள் 1934-இலேயே ஒரு செய்திமடல் தொடங்கிவிட்டார்கள். யாரிடம் எந்த வகை ஈ இருக்கிறது, எந்தத் தீனியில் நன்றாக வளர்கிறது என்பதெல்லாம் அதில் வரும். நூற்புழு ஆய்வாளர்கள் (அந்தப் புழுவின் கதை பின்னால் வருகிறது) 1975-இல் தங்களுக்கென ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் வந்ததை எழுதியவரின் அனுமதியின்றி மேற்கோள் காட்டக் கூடாது என்பது விதி. அந்த விதி தந்த பாதுகாப்பில்தான் அரைகுறை முடிவுகளை மனம்விட்டுச் சொன்னார்கள்.

பல்கலைக்கழகங்கள் இவர்களை எப்படி ஏற்றன?

தயங்கித் தயங்கித்தான். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் என்று வேலி போட்டிருந்த இடத்தில் இவர்களை எங்கே வைப்பது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெரூட்ஸும் ஜான் கென்ட்ரூவும் எக்ஸ்கதிர் கொண்டு புரதங்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது இயற்பியல் துறையான கேவண்டிஷ் ஆய்வகத்தில். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1947-இல் அவர்களுக்கென ஒரு சிறு பிரிவை ஏற்படுத்தியது. கொஞ்ச காலம் முற்றத்தில் போட்ட ஒரு கொட்டகைதான் அவர்களின் இடம். 1962-இல் நகரின் ஓரத்தில் தனிக் கட்டடம் கிடைத்தது: மூலக்கூறு உயிரியல் ஆய்வகம். அதே ஆண்டில் அங்கிருந்த பெரூட்ஸ், கென்ட்ரூ, பிரான்சிஸ் கிரிக் மூவருக்கும் நோபல் அறிவிக்கப்பட்டது. வாட்சனோடு சேர்ந்து டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர் கிரிக்; வாட்சனும் அந்தப் பரிசில் பங்கு பெற்றார்.

அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு சிற்றுண்டிச்சாலை. பெரூட்ஸின் மனைவி கிசெலா பல ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டார். காலைக் காப்பி, மதிய உணவு, மாலைத் தேநீர் என்று மூன்று வேளையும் எல்லோரும் அங்கே கூட வேண்டும் என்பது பெரூட்ஸின் விருப்பம். புதிய மாணவர் நோபல் பெற்றவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். புதிய ஆய்வகம் கட்டுகிறவர்கள் கருவிப் பட்டியலுக்கு முன்பு சாப்பாட்டு அறையை வரைந்துகொள்ள வேண்டும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இதழும் சங்கமும் இதே காலத்தில் வந்தன. கென்ட்ரூ 1959-இல் மூலக்கூறு உயிரியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1962 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் கென்ட்ரூவும் வாட்சனும் ஜெனீவாவில் சிலார்டையும், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் அணுத்துகள் ஆய்வகமான செர்ன் நிறுவனத்தின் தலைவர் விக்டர் வைஸ்காப்பையும் சந்தித்தார்கள். இயற்பியலாளர்களுக்கு செர்ன் இருப்பதுபோல் நமக்கும் ஐரோப்பா தழுவிய ஓர் அமைப்பு வேண்டாமா என்ற பேச்சு அங்கே எழுந்தது. 1964-இல் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பும், பத்தாண்டு கழித்து அரசுகளின் ஒப்பந்தத்தோடு ஓர் ஆய்வகமும் பிறந்தன. அந்த ஆய்வகம் ஹைடல்பெர்கில் இருக்கிறது.

இந்தியாவுக்கும் சென்னைக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. ஜி.என்.ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். அங்கே வந்த பிரிட்டன் படிகவியலாளர் பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் தோலில் நிறைந்திருக்கும் புரதம். அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. 1954-இல் கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் என்று அறிவித்தார்கள். 1963-இல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளைய முடியும் என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். அது வந்தது கென்ட்ரூ தொடங்கிய அந்த இதழில்தான். இன்றும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டவர் முதலில் சரிபார்ப்பது ராமச்சந்திரன் வரைபடத்தில்.

மும்பையில் இன்னொரு கிளை. மரபியலாளர் ஒபைத் சித்திக்கியை ஹோமி பாபாவிடம் பரிந்துரைத்தவர் அதே லியோ சிலார்ட். 1962-இல் பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சித்திக்கியின் தலைமையில் மூலக்கூறு உயிரியல் பிரிவு தொடங்கியது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் அதிலிருந்து முளைத்தது. ஜெனீவாவில் பேசியவரும் பாபாவுக்கு எழுதியவரும் ஒரே ஆள் என்பதைக் கவனியுங்கள். புதிய துறையின் தொடக்கத்தில் உலகம் அவ்வளவு சிறியதாக இருக்கும்.

பகிர்ந்துகொள்ளும் பழக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு எது?

புழு. சிட்னி பிரென்னர் 1963-இல் பெரூட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மூலக்கூறு உயிரியலின் பழைய கேள்விகள் ஏறக்குறைய தீர்ந்துவிட்டன, இனி வளர்ச்சியையும் நரம்பு மண்டலத்தையும் எடுக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நூற்புழு. மூன்று நாளில் ஒரு தலைமுறை. தீனி ஈ.கோலை. உறையவைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து மீண்டும் உயிர்ப்பிக்கலாம். உடல் செல்கள் 959, அவற்றில் நரம்பு செல்கள் 302.

ஜான் சல்ஸ்டன் நுண்ணோக்கியில் உட்கார்ந்து, கருவிலிருந்து ஒவ்வொரு செல்லும் பிரியும் பரம்பரையைக் கண்ணால் பார்த்து வரைந்தார். 1983-இல் அந்த வேலை முழுமையடைந்தது. நரம்பு இணைப்புகளின் முழு வரைபடம் 1986-இல் வந்தது. பிறகு சல்ஸ்டனும் ஆலன் கூல்சனும் மரபணுத் தொகுதியின் வரைபடத்தைத் தொடங்கினார்கள். அது முடிவதற்கு முன்பே, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு மரபணுவைத் தேடிப் பிடித்தால், அந்தத் தகவல் வரைபடத்துக்குத் திரும்பி வந்து அதை இன்னும் நிரப்பும். கொடுத்ததால் வரைபடம் வளர்ந்தது.

இந்தப் பழக்கம்தான் மனித மரபணுத் திட்டத்துக்கும் போனது. 1996-இல் பெர்முடாவில் கூடியவர்கள், ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகளுக்கு மேல் தொகுத்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். முன்னின்று வாதாடியவர்கள் சல்ஸ்டனும் அமெரிக்காவின் ராபர்ட் வாட்டர்ஸ்டனும், இருவரும் புழு ஆட்கள். மனித மரபணு எழுத்துகளை இன்று எந்த ஊர் மாணவரும் காசின்றி இறக்கிக்கொள்ள முடிகிறது என்றால் அதற்கு ஒரு புழுச் சமூகத்தின் ஒழுக்கம் காரணம்.

ஆபத்து என்று பயம் எழுந்தபோது என்ன செய்தார்கள்?

1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் ஓர் உயிரின் டி.என்.ஏ.வை இன்னொன்றுக்குள் ஒட்டிப் பெருக்கும் முறையைக் காட்டினார்கள். மறு ஆண்டே பால் பெர்க் முதலானோர் சில சோதனைகளை நிறுத்திவைக்கும்படி தங்கள் சக ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடி விதிகளை வகுத்தார்கள். அமெரிக்க அரசின் நெறிமுறைகள் 1976-இல் வந்தன. அவற்றோடு முற்றிலும் புதிய ஓர் அமைப்பும் வந்தது: ஒவ்வோர் ஆய்வு நிறுவனத்திலும் உயிர்ப்பாதுகாப்புக் குழு. இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு விதிகள் அதே பாணியில் நிறுவனக் குழு, மதிப்பாய்வுக் குழு, ஒப்புதல் குழு என்று அடுக்குகளை ஏற்படுத்தின.

ஆனால் அசிலோமரில் பேசியவர்கள் பெரும்பாலும் அறிவியலாளர்களே. தெருவில் இருந்தவரைக் கேட்டது மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம். 1976-இல் ஹார்வர்டு ஓர் ஆய்வகம் கட்ட முனைந்தபோது நகர மன்றம் அத்தகைய சோதனைகளைச் சில மாதம் நிறுத்தி, சாதாரண குடிமக்கள் குழு ஒன்றை அமைத்தது. எரிபொருள் எண்ணெய் வணிகர் ஒருவர் அதற்குத் தலைவர். அவர்கள் பொறுமையாகக் கேட்டு, படித்து, நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்றார்கள். 1977-இல் அது நகரச் சட்டமானது. விதி தெளிவாக இருந்த அந்த ஊருக்கே பிறகு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசையாக வந்து குடியேறின.

கம்பெனிகள் வந்தது இந்தச் சமூகத்தைக் கெடுத்துவிட்டதா?

ஒரு பகுதியைக் கெடுத்தது, இன்னொரு பகுதியைச் சாத்தியமாக்கியது. 1976-இல் போயரும் முதலீட்டுத் துறையிலிருந்து வந்த ராபர்ட் ஸ்வான்சனும் ஜெனென்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1978-இல் பாக்டீரியாவில் மனித இன்சுலின். 1982-இல் அது மருந்தாக விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதுவரை பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை நம்பியிருந்தவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல. 1980 அக்டோபரில் நிறுவனத்தின் பங்கு 35 டாலருக்கு வெளியிடப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் 88 டாலரைத் தொட்டது.

அதே ஆண்டில் ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோஹன்–போயர் முறைக்கும் காப்புரிமை கிடைத்தது. அது பல்கலைக்கழகங்களுக்கு 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டித்தந்தது. நேற்றுவரை கேட்டதும் கிடைத்த மாதிரிக்கு இப்போது ஒப்பந்தப் படிவம் வந்தது. பல ஆய்வாளர்கள் அன்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்பேன்.

மறுபக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் சேசர் மில்ஸ்டைனும் ஜார்ஜ் கோலரும் 1975-இல், ஒரே இலக்கை மட்டும் பற்றும் ஒற்றை வகை எதிர்ப்பொருள்களை (மோனோக்ளோனல் ஆன்டிபாடி) உருவாக்கும் முறையைக் கண்டார்கள். காப்புரிமை எடுக்கப்படவில்லை. மில்ஸ்டைன் செல்களைக் கேட்டவர்களுக்கு அனுப்பினார். இன்று புற்றுநோய் மருந்துகளில் ஒரு பெரும் வரிசை அந்த முறையில் பிறந்தது.

யாரை வெளியே நிறுத்தினார்கள்?

சமூகம் என்றால் வாசலும் உண்டு. 1952-இல் ஃபேஜின் மரபுப்பொருள் டி.என்.ஏ.தான் என்று காட்டிய சோதனை ஹெர்ஷி–சேஸ் சோதனை என்றே அழைக்கப்படுகிறது. நோபல் மேடையில் மார்த்தா சேஸ் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுத்த டி.என்.ஏ.வின் எக்ஸ்கதிர்ப் படத்தை, அதன் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த வாட்சனிடம் 1953 தொடக்கத்தில் அவருக்குத் தெரியாமல் காட்டினார்கள். பகிர்தலைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கேட்டு வாங்குவதும் கேட்காமல் எடுப்பதும் வேறு வேறு.

ஃபிராங்க்ளினை அந்த ஒரு படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். கிங்ஸ் கல்லூரியை விட்டுப் போனபின் பெர்னாலின் பிர்க்பெக் ஆய்வகத்தில் வைரஸ்களின் வடிவத்தை ஆராய ஒரு சிறு குழுவை அவர் கட்டினார். 1958-இல் 37 வயதில் இறந்தார். அவரோடு உழைத்த ஆரன் குளுக் குழுவினரோடு கேம்பிரிட்ஜின் புதிய ஆய்வகத்துக்குப் போய் அந்த வேலையைத் தொடர்ந்தார். 1982-இல் குளுக் நோபல் பெற்றார்.

இன்றைய புதிய துறைகளிலும் இதே தடம் தெரிகிறதா?

டி.என்.ஏ. துண்டுகளைக் கோத்து உயிர்களுக்குப் புதிய வேலை கொடுக்கும் செயற்கை உயிரியலில் தெளிவாகத் தெரிகிறது. 2003-இல் எம்.ஐ.டி.யில் ஒரு குறுகிய வகுப்பாகத் தொடங்கியது, மறு ஆண்டு ஐந்து அணிகளின் போட்டியானது. இன்று ஐஜெம் என்ற பெயரில் உலகெங்கும் மாணவர்களை இழுக்கிறது. ஒரே அளவில் வெட்டி ஒட்டத்தக்க டி.என்.ஏ. துண்டுகளின் பொதுக் களஞ்சியம் அதன் நடுவில் இருக்கிறது. ஏழு ஃபேஜ்கள் இருந்த இடத்தில் இப்போது அந்தத் துண்டுகள்.

புதிய துறை ஒன்றில் ஆய்வு தொடங்கப்போகிறேன். சேர்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

அந்தத் துறையில் வெளிவந்த ஒரு கட்டுரையை எடுத்து, அதில் பயன்படுத்திய உயிரையோ நிரலையோ தரவையோ எழுதியவரிடம் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். எத்தனை நாளில் பதில் வருகிறது, என்ன வருகிறது என்று பாருங்கள். பிறகு அவர்களின் அடுத்த கூட்டம் எங்கே, முதலாண்டு மாணவருக்குப் பேச இடம் உண்டா என்று விசாரியுங்கள். புழு ஆய்வாளர்களிடம் கேட்டால், அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் புழு வங்கியின் முகவரியைத் தருவார்கள். நீங்கள் கேட்ட வகை, சிறு தட்டில் பாக்டீரியாவை மேய்ந்துகொண்டே தபாலில் வந்து சேரும்.